கம்பியை அவிழ்த்தேன், பேச்சு நின்றது

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், பத்து விரலும் பத்திரம்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. பலகை அறுக்கும் கைமெஷினில் பிளேடைத் தானாக மூடிக்கொள்ள ஒரு தகடு உண்டு. அது மரத்தூளில் சிக்குகிறது என்று என் அறைக்கூட்டாளி கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டான். நான் பிளக்கைப் பிடுங்கி, தூளைத் துடைத்து, கம்பியை அவிழ்த்தேன்.

"உன்னை யாருடா கேட்டா? நீ என்ன பெரிய மேஸ்திரியா?" என்று கத்தினான்.

மதியம் பலகையில் இருந்த ஆணியில் பட்டு மெஷின் துள்ளி, அவன் தொடையில் இடித்தது. தகடு சட்டென்று மூடிக்கொண்டதால் கால்சட்டை கிழிந்ததோடு போயிற்று. வெளிறிப்போய் என்னைப் பார்த்து, "ஏன்டா அவுத்த?" என்றான்.

திட்டினானா, நன்றி சொன்னானா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகு அவன் பேசவும் இல்லை. இங்கே என்னோடு தமிழ் பேச அவன் ஒருவன்தான். நேற்று தன் முட்டையை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானே முதலில் பேசட்டுமா, அம்மா?

மெஷின் துடைக்க உங்கள் பழைய நூல்புடவை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் சின்னவன்