கோட்டுக்கு இரண்டு விரல் பின்னால்

சனி, இரவு.

நண்பன் ஏழுமலை கடலில் நின்றபடி ஓட்டும் பாய்ப்பலகையில் பாய்மரத்தைத் திருகி நிறுத்துவது எப்போதும் என் வேலை. பலகையில் அவன் நகப்பாலீஷால் போட்ட கோட்டின் மேல்தான் நிற்க வேண்டும் என்பது அவன் கட்டளை. இன்று வேகம் கூடுமா என்று பார்க்க, அவனிடம் சொல்லாமல் இரண்டு விரல் பின்னால் தள்ளி வைத்தேன். அவனும் பலகைக்கு அடியில் இருக்கும் மீன்துடுப்பு போன்ற ஃபின்னைக் கழற்றிவிட்டு, புதிதாகச் சின்னதொன்று மாட்டியிருந்தான். மாமல்லபுரம் கரையில் எல்லோரும் வாய் பிளக்கும்படி பறந்தான்.

"எல்லாம் இந்த ஃபின்னுதான் மச்சான்! நாளைக்கு ரேஸ்ல இன்னும் சின்னதா போட்டுக்கினு போறேன்."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நாளை காற்று பலமாம். பாய்மரமும் பின்னால், ஃபின்னும் இன்னும் சிறியது என்றால் பலகை மூக்கைத் தூக்கி, பிடிமானம் இல்லாமல் ஆளைக் கவிழ்த்துவிடும். போன வருடம் அப்படித்தான் அவன் தோள் கழன்றது.

இப்போது போனில் பாய்மரத்தைப் பற்றிக் கேட்டான்: "மாஸ்ட்டு கோட்டு மேலதானே கீது?"

"ஆமா" என்றேன். ஏன் சொன்னேன்? விடிவதற்குள் போய் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

"போர்ட வூட்டுக்குள்ள வச்சி பூட்டிட்டேன் மச்சான். இனிமே எவனும் தொட முடியாது" என்றான்.