கடுகு யாரைப் பார்த்துக் குரைக்கிறது

ஜூலை 7, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. எதிர்மலை இல்லை. பக்கத்து லயத்து வரிசைவீட்டுக் கூரை மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

இன்று எழுத வேண்டியது கடுகைப் பற்றி. கடுகு எங்கள் நாய். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்தது, ஒரு காது மடிந்தது. உயரம் என் முழங்காலுக்குக் கீழே. குரல் லிந்துலை டவுன் வரைக்கும்.

பத்து மணிக்கு மிஸ்ஸி வந்தார். என் மகள் கலாவின் பிள்ளையை நிறுத்துப் பார்க்கக் கிளினிக்கிலிருந்து வருகிறவர். சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு கையில் குடை, மறு கையில் தராசு. வாசலுக்குள் கால் வைத்ததுதான், கடுகு பாய்ந்து சேலையைக் கவ்வியது. சேலையில் இரண்டு ஓட்டை.

"அனே தாத்தா! இது நாயா, புலியா?"

நான் கடுகைத் தூக்கிக்கொண்டேன். என் கைக்குள்ளும் அது உறுமியது. மிஸ்ஸி ஓட்டைகளைப் பார்த்தார், சேலையை உதறினார், உள்ளே போய்ப் பிள்ளையை நிறுத்தார். நாலு கிலோ நூறு. அந்தத் தைரியம் பெரிது. அவரை எதிர்த்த கடுகின் தைரியமும் சின்னதில்லை. இதை வெளியே சொல்ல முடியாது, இங்கே எழுதலாம்.

போகும்போது மிஸ்ஸி சொன்னது: "கட்டிப் போடுங்க தாத்தா. இல்லாட்டி எனக்கு வர ஏலாது. பாப்பாவ கீழ கிளினிக்குக்குத்தான் தூக்கிட்டு வரணும்." கிளினிக் இரண்டு மைல். இந்த மழையில்.

சாயந்தரம் என் மனைவி லெட்சுமி தேயிலை மலையிலிருந்து வந்தாள். கொழுந்துக்கூடையை இறக்குமுன்னே செய்தி போய்விட்டது.

"ஞாயித்துக்கிழம புள்ளைக்குப் பேர் வைக்கிறோம். சம்பந்தி வீட்டுல இருந்து பத்துப் பேராச்சும் வருவாங்க. யாரையாச்சும் கடிச்சு வச்சா? அதுக்குள்ள திருந்தலன்னா தம்பி லொறியில ஏத்தி விட்டுருவேன். கோவாத் தோட்டத்துக் காவலுக்கு ஆகும்."

அவள் தம்பி ராஜுவுக்குக் கந்தப்பளையில் முட்டைக்கோவா போடுகிற மரக்கறித் தோட்டம். அங்கே நாய்களுக்குச் சங்கிலி. பனியிலும் வெளியேதான். கடுகு ஒரு மாதம் தாங்காது.

அவள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோதே கடுகு அவளைப் பார்த்து உறுமியது.

"சோறு போடுற கைக்கே உறுமுது பாருங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போதும். கை வலி. நாற்பது வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலை வெட்டிய கை. பென்சில் அதைவிடக் கனம்.

ஜூலை 8, செவ்வாய்

மழையும் காற்றும்.

செய்து பார்த்தவை:
கயிற்றால் வாசல் இஸ்தோப்புத் தூணில் கட்டினேன். கயிறு இப்போது இரண்டு துண்டு.
ரொட்டித் துண்டு கொடுத்தேன். ரொட்டியைத் தின்றுவிட்டுக் குரைத்தது.
அதட்டினேன். அதுவும் என்னை அதட்டியது.

எங்கள் லயத்து நாலாம் காம்பரா வீட்டு ஆறுமுகம் சீனி கேட்டு வந்தான். கடுகு அவன் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவன் ஒரு காலில் நின்றுகொண்டே பேசினான்.

"அண்ணே, இது கடிச்சா வலிக்காதுண்ணே. ஆனா இத்துனூண்டு நாய் கடிச்சிருச்சுன்னு வெளிய சொல்றதுக்குத்தான் வெக்கம்."

பிறகு எல்லோரும் சொல்வதையே சொன்னான். பிள்ளை மேல் பொறாமை. எங்களுக்கும் அந்தப் பயம்தான். பிள்ளை பிறந்த வாரத்திலிருந்துதான் கடுகுக்கு இந்தக் குணம். அதற்கு முன்னால் வருகிறவர்களிடமெல்லாம் வயிற்றைக் காட்டிப் படுக்கும்.

நல்ல செய்தி ஒன்று: கொல்லைப்பக்கம் கிடந்த உரமூட்டையில் எழுதியிருந்ததை முழுதும் வாசித்தேன். மூன்று வரி. யார் துணையும் இல்லாமல். நாற்பது வருஷமாக என் கண் முன்னால் கிடந்த எழுத்து. நனைய விடக்கூடாதாம். நனைந்துகொண்டுதான் கிடந்தது.

ஜூலை 9, புதன்

தூறல்.

கலா கெட்டிக்காரி. தைப்பொங்கலுக்கு வந்தவள், படுத்தே இருக்கச் சொல்லி டாக்டர் கட்டளை. படுத்துக்கொண்டே எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளையும் வந்தது, எழுத்தும் வந்தது. எழுத்துக்குத்தான் நாள் கூட.

இன்று அவள் கேட்டது: "பொறாமைன்னா புள்ளகிட்டத்தானப்பா உறுமணும்? அது ஏணைக்கு அடியிலதான படுத்துக் கெடக்குது?"

உண்மை. பிள்ளை ஏணைத் தொட்டிலில் அழுதால் முதலில் எழும்புவது கடுகுதான்.

"யாரப் பாத்துக் கொலைக்குது, யாரப் பாத்தா சும்மா இருக்குதுன்னு எழுதிப் பாருங்கப்பா. நாள் முழுக்க வீட்டுல நீங்கதான இருக்கீங்க."

எழுதினேன். காலை முதல் சாயந்தரம் வரை.

குரைத்தது:
ஆறுமுகம். சீனியைத் திருப்பிக் கொடுக்க வந்தான். வந்ததும் வாசல் சாக்கில் தொம் தொம்மென்று மிதித்தான். பாய்ந்தது.
சங்கத் தலைவர். அவரும் மிதித்தார். பாய்ந்தது. தடுக்க நான் அவசரப்படவில்லை.
லெட்சுமி, சாயந்தரம். மிதித்தாள். உறுமல்.

குரைக்காதது:
மீன்காரர். ரோட்டிலேயே நின்றார்.
ஆறுமுகத்தின் பெண்சாதி செல்லம்மா. தண்ணீர்ப் பீலியில் கால் கழுவிவிட்டுப் பின்வாசல் வழியாக வந்தாள். நேரே அடுப்படிக்குப் போய் இரண்டு பச்சை மிளகாய், அரை மூடி தேங்காய் எடுத்துக்கொண்டாள். கடுகு வாலாட்டியது. கடிக்க வேண்டியது இவளைத்தான்.
லெட்சுமி, காலை. அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கியது.
நான்.

ஜூலை 10, வியாழன், போயா (பௌர்ணமி)

லீவு. லெட்சுமி வீட்டில். மழை.

நேற்று எழுதியதைக் கலாவுக்கு எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தினேன். மிதித்தான், மிதித்தார், மிதித்தாள்.

மழைக்காலத்தில் இங்கே யாரும் மிதிக்காமல் ஒரு வீட்டுக்குள் போவதில்லை. தேயிலைக்குள்ளிருந்து வருகிற காலில் அட்டை இருக்கும், சேறு இருக்கும். வாசலில் ஒரு சாக்கு. அதில் நாலு மிதி, பிறகுதான் "வீட்டுல யாரு?" நான் மட்டும் மிதிப்பதில்லை. முழங்கால் கெட்டதிலிருந்து படியில் உட்கார்ந்து உப்பு போட்டுத்தான் அட்டை எடுப்பேன். சாக்கு காலைத் தடுக்கும் என்று தாண்டி வருவேன்.

கடுகுக்கு மிதிக்கிற சத்தம் பயம்! எனக்குத் தெரியாதது என் கையெழுத்துக்குத் தெரிந்திருந்தது. கலா கை தட்டினாள். பிள்ளை விழித்துக்கொண்டது. திட்டு வாங்கினோம்.

லெட்சுமி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டிருந்தாள். "நாளைக்கு மிஸ்ஸி இன்னொரு தடவ வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்காங்கல்ல. பாப்போம்."

ஜூலை 11, வெள்ளி

மழை. மோசமான நாள்.

மிஸ்ஸி பள்ளத்தில் வரும்போதே நான் குடையோடு போய் நின்றுகொண்டேன். மிதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. வெளியிலேயே சப்பாத்தைக் கழற்றினார். பூனை மாதிரி நடந்து வந்தார். சாக்கில் பாதத்தை மெதுவாக, சத்தமே இல்லாமல் துடைத்தார்.

கடுகு பாய்ந்தது. அவர் குடையைக் குறுக்கே நீட்டினார். குடையைக் கவ்வியது.

எனக்கு வெட்கம். மிஸ்ஸிதான் ஆறுதல் சொன்னார்.

"பரவால்ல தாத்தா. கெட்ட நாய்னா ஆளோட மூஞ்சியப் பாக்கும். எங்க வீட்டுலயும் மூணு இருக்கு, எனக்குத் தெரியும். இது என்ட மூஞ்சியப் பாக்கல்ல. காலுக்குக் கீழதான் பாக்குது."

சேலையில் ஓட்டை, குடையில் பல், அப்படியும் நாய்க்காகப் பேசுகிறார். இப்படி ஒரு மனுஷி.

லெட்சுமிக்குச் சாயந்தரம் சொன்னேன். மறைக்கவில்லை. மிதித்துவிட்டு உள்ளே வந்தாள், உறுமலைக் கேட்டாள், போனை எடுத்தாள். "தம்பி, ஞாயித்துக்கிழம வரும்போது நல்ல கயிறா ஒண்ணு கொண்டாந்திரு."

பிறகு கடுகின் தட்டில் சோறு வைத்தாள். வழக்கத்தைவிட அதிகம். கருவாடும் வைத்தாள்.

ஜூலை 12, சனி

வெயில்! எதிர்மலை தெரிகிறது. அருவியும் தெரிகிறது.

நாளைய விசேஷத்துக்கு வீடு கழுவல். துணி, பாய், வாசல் சாக்கு எல்லாவற்றையும் கலா வேலியில் காயப்போட்டாள். லெட்சுமி அரைநாள் வேலை முடிந்து வந்தாள். வெறும் படியில் பழக்கத்துக்கு நாலு மிதி.

உறுமல் இல்லை.

நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கடுகைக் காணோம். பின்னால் ஆறுமுகம் வந்தான், அவனும் தொம் தொம். "என்னண்ணே, புலி அதுக்குள்ள கந்தப்பளைக்குப் போயிருச்சா?"

தேடினோம். வேலியடியில் இருந்தது. காயப்போட்ட சாக்குக்கு நேர் கீழே, மண்ணில், தலையைத் தூக்கிக்கொண்டு. கிட்டப் போன கோழியை விரட்டியது. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது.

லெட்சுமி வேலியிலிருந்து சாக்கை எடுத்தாள். விரித்தாள். சேறு போன ஓரத்தில் நீல நூல் தையல். அவள் போட்ட தையல்.

"இது என் பழைய படங்கு," என்றாள்.

படங்கு, கொழுந்து பறிக்கும்போது ஈரம் படாமல் பெண்கள் இடுப்பில் கட்டுகிற சாக்கு. முந்தின வருஷம் ஐப்பசி மழையில், தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற கானில் கிடந்த குட்டியை அவள் தூக்கி வந்தது அந்தப் படங்கில் முடிந்துதான். பிறகு அடுப்போரத்தில் கடுகுக்குப் படுக்கை அதுவே. பிள்ளை பிறக்கிற வாரம் வீட்டை ஒதுக்கிச் சுத்தம் செய்தபோது, நைந்த சாக்குத்தானே என்று நான்தான் எடுத்து வாசலில் போட்டேன். நான்தான். லெட்சுமி அப்போது ஆஸ்பத்திரியில், கலாவோடு.

ஒரு மாதமாக ஊரே வந்து அதன் படுக்கையில் சேற்றுக்காலால் மிதித்திருக்கிறது. சேர்ந்து மிதித்தவள், அதை அந்தச் சாக்கில் தூக்கி வந்தவள். நானாக இருந்தால் மிஸ்ஸியின் சேலையோடு விட்டிருக்க மாட்டேன்.

"நீங்க எழுதுனதுல இது இல்லையா?" என்று கேட்டாள்.

இருந்தது. தாண்டி வருவேன் என்று எழுதியிருக்கிறேன். பின்வாசல் என்றும் எழுதியிருக்கிறேன். எழுதத்தான் தெரிந்தது.

அவள் சாக்கை நாலாக மடித்து அடுப்போரத்தில் போட்டாள். கடுகு மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது. வாசலுக்கு அந்த உரமூட்டையை வெட்டிப் போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் வெயில், பதினொன்றுக்கு மழை. மழைதான் வேண்டும் என்று இருந்தது. எல்லோரும் மிதிக்க வேண்டுமே.

சம்பந்தி வீட்டார் பன்னிரண்டு பேர். மிதி, மிதி, மிதி. லயமே அதிர்ந்தது. நான் வாசலைப் பார்க்கவில்லை, அடுப்போரத்தையே பார்த்தேன். கடுகு ஒவ்வொருவருக்கும் மடிந்த காதை ஒரு தடவை தூக்கியது. எழும்பவில்லை. சம்பந்தியம்மா சொன்னது: "என்னங்க, பொம்ம மாதிரி ஒரு நாய் வச்சிருக்கீங்க." ஆறுமுகம் வெளியே ஓடிப் போய்ச் சிரித்தான்.

மிஸ்ஸியும் வந்தார், பிள்ளைக்கு ஒரு சட்டையோடு. வாசலில் தயங்கினார். ஒரு கால் வைத்தார். இன்னொரு கால்.

"அனே, புலிக்கு இன்னிக்கு லீவா?"

காலைப் பார்க்கிறது என்று முதலில் கண்டது அவர் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கேசரி இரண்டு தடவை வைத்தோம். குடைக்கு மன்னிப்புக் கேட்டேன்.

பேர் அகல்யா. மருமகன் காதில் சொன்னார். நான் இங்கே எழுதுகிறேன். அகல்யா. இந்தப் பேரை எழுதிய முதல் கை என்னுடையது.

சிக்கல் ராஜுதான். கயிற்றோடு வந்துவிட்டான்.

"நாய் எங்க மச்சான்? லொறில எடம் ஒதுக்கி வச்சிருக்கேன்."

நான் லெட்சுமியைப் பார்த்தேன். சொன்ன சொல் அவளுடையது. அவள் கயிற்றை வாங்கினாள். இழுத்துப் பார்த்தாள்.

"நல்ல கயிறுடா தம்பி. ஏணைக்கு ஆகும். குடுத்துட்டுப் போ."

"அப்ப நாயி?"

"அதோட எடத்துல கெடக்குது. ஒனக்கென்ன, சாப்புடு."

ஜூலை 14, திங்கள்

மழை. வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்கு லெட்சுமி ஆறரைக்கே போனாள்.

இன்றைக்கு வேலை எதுவும் இல்லை எனக்கு. சாயந்தரத்துக்காகக் காத்திருந்ததுதான்.

நாலே முக்காலுக்கு வந்தாள். கூடையை இறக்கினாள். உரமூட்டையில் மிதித்தாள். மெதுவாக, சோதித்துப் பார்க்கிற மாதிரி. பிறகு வழக்கம்போல, பலமாக, நாலு.

கடுகு எழும்பியது. வாசலுக்கு வந்தது. அவள் அசையவில்லை. அவள் கால்களை மோந்தது, இடது கணுக்காலிலிருந்த அட்டையைப் பார்த்துச் சின்னதாக ஒரு குரை. அட்டையைப் பார்த்து. பிறகு ஈரப் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டது. அவளும் அட்டையை எடுக்கவில்லை, காலையும் எடுக்கவில்லை. மழை உள்ளே அடித்தது. நின்றுகொண்டே இருந்தாள்.

நான் பென்சிலை எடுத்ததைப் பார்த்துவிட்டாள்.

"இதையும் எழுதுறீங்களா?"

"ஆமா."

"நான் அழுதேன்னு எழுதாதீங்க. பொகை கண்ணுல பட்டுருச்சுன்னு எழுதுங்க."

புகை கண்ணில் பட்டுவிட்டது. அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை.