கேட்டால் சொல்லத்தானே வேண்டும்

பிப்ரவரி 9

சமையலறையில் எறும்பு. மருந்து தெளிக்கக் கூடாதாம், அகிம்சையாம். வேறு வழியாகப் போகச் சொல்லி எறும்புகளிடம் நான்தான் கெஞ்ச வேண்டும்போல.

முதுகுவலிக்கு யோகா வகுப்புக்குப் போன என் வீட்டுக்காரர் மோட்சத்தோடு திரும்பி வந்திருக்கிறார். "ஆசனம் ஒரு படிதான், மொத்தம் எட்டு இருக்கு. இது உடற்பயிற்சி இல்ல, வாழ்ற முறை" என்கிறார். வாழட்டும். விடியற்காலைக் குளியல், மூச்சுப் பயிற்சி, அரை வயிற்றுச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை மௌனம். பொய் சொல்லியே தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றுக் காலம் தள்ளியவர், இந்த வருடம் முழுக்கப் பொய் பேசுவதில்லை என்று சங்கல்பம் வேறு எடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா புதுத் திரைச்சீலையைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாராம் இவர். அந்த அம்மா இப்போது என்னோடும் பேசுவதில்லை.

பிப்ரவரி 17

அண்ணனின் வயிற்றுவலிக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து. வருடக் கடைசி வரை இருக்கலாம் என்றார்.

வெளியே பெஞ்சில் அண்ணன். "என்னவாம்?"

"அல்சர்தான் அண்ணா. சரியாகக் கொஞ்ச நாள் ஆகும்."

எவ்வளவு சரளமாக வந்தது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்த ஃபிரேம் உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லிப் பழகிய வாய்தானே.

பிப்ரவரி 18

இவரிடம் சொல்லி அழுதேன். தலையைத் தடவிக்கொடுத்தார். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். "நானாப் போய்ச் சொல்ல மாட்டேன்" என்றார்.

மார்ச் 6

அண்ணி இறந்த பிறகு அண்ணன் பின்னறையில் எங்களோடுதான். இன்று முகம் தெளிவாக இருந்தது. உடம்பு தேறியதும் லைசென்ஸைப் புதுப்பித்துப் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போகிறாராம். "பஸ் ஓட்டினவனுக்கு வேன் எம்மாத்திரம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். எனக்கு அது போதும்.

மார்ச் 15

சொல்லிவிட்டார்.

மார்ச் 16

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நான் மார்க்கெட் போயிருந்த நேரம். அண்ணன் கேட்டிருக்கிறார்: "மாப்பிள்ளை, நீங்கதான் பொய் சொல்ல மாட்டீங்களே. எனக்கு நெஜமா என்ன?" நேற்று ஞாயிற்றுக்கிழமை. மௌன நாள். சிலிண்டர்காரர் வாசலில் நின்று கத்தினாலும் கையை ஆட்டி அனுப்புகிற மனிதர், மௌனத்தை முறித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"கேட்டார். கேட்டா சொல்லத்தானே வேணும்?"

"உப்பு எங்கன்னு நான் கேட்டா ஞாயித்துக்கிழமை வாய் திறக்க மாட்டீங்க. எங்கண்ணன் சாவச் சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?"

"பேசாம இருந்தா அதுவும் பொய்தான்."

"தினம் விடியக்காலைல நீங்க ஒப்பிக்கிறது எனக்கும் மனப்பாடம். முதல்ல அகிம்சை. அப்புறம்தான் சத்தியம். எறும்புக்குக் காட்டின இரக்கத்த எங்கண்ணனுக்குக் காட்டலையே நீங்க."

கண்ணை மூடி மூச்சை இழுத்தார். அந்த மூச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 17

அண்ணனுக்குக் கோபம் என்மேல்தான். இவர்மேல் இல்லை. "எத்தன தடவ உன் முகத்தப் பாத்துக் கேட்டேன். நீதான் சொல்லியிருக்கணும்." நான் நீட்டிய தட்டை வாங்கவில்லை. இவர் ஊட்டினார். சாப்பிட்டார்.

என்ன நியாயம் இது? போட்டு உடைத்தவர் நல்லவர், பொத்திப் பொத்திப் பார்த்தவள் கெட்டவளா?

ஏப்ரல் 2

காலையில் இப்போது இருவரும் சேர்ந்து பயிற்சி. கதவு ஒருக்களித்திருந்தது. அண்ணன் கட்டிலில் மல்லாந்திருக்க, இவர் பக்கத்தில் தரையில்.

"கால் விரல விடுங்க மச்சான். முட்டிய விடுங்க. வயித்த விடுங்க."

"எல்லாத்தையும் டெப்போல விட்டாச்சு மாப்பிள்ளை. சாவியும் கொடுத்தாச்சு."

இருவரும் சிரிக்கிறார்கள். ராத்திரி வலி கொஞ்சம் தணிந்திருக்கிறதாம். சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. பொறாமை, வேறென்ன. சாகக் கிடக்கும் அண்ணனைப் புருஷனிடம் பறிகொடுத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 11

வேன் பேச்சே இல்லை. சாப்பாடும் பேருக்குத்தான். என்னிடம் தண்ணீர் மட்டும் கேட்கிறார்.

ஏப்ரல் 19

விடியும்போது போய்விட்டார். இவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். நான் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 20

வருடக் கடைசி வரை என்று டாக்டர் சொன்னாரே.

மே 3

இவர் பாயை விரிப்பதே இல்லை. குளிப்பது எப்போதோ. ஞாயிற்றுக்கிழமை, ஆனால் மௌனமும் இல்லை. மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நான் சொல்லாம இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பதிலைக்கூட நறுக்கென்று தயாராக வைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நெஜத்தச் சொல்லவா, ஆறுதலாச் சொல்லவா?"

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். சங்கல்பம் எடுத்த மனிதர். இன்னும் வருடம் முடியவில்லை.

"ஆறுதலாவே சொல்லு" என்றார்.

"இருந்திருக்க மாட்டார். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நீங்க சொன்னதால ஒண்ணும் ஆகல."

டாக்டரிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்கப் பயம். இவர் நம்பிவிட்டார். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். போட்டேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.