கல்லுக்குக் கஞ்சி போட்ட அண்ணனுக்கு

பாசமுள்ள குமரண்ணா,

பாசம்னு எழுதினது பழக்கதோஷம். காமாலைன்னு படுத்த, ஒரே வாரத்துல போய்ட்ட. நாற்பது நாள் ஆகப் போகுது, எனக்கு இன்னும் அழுகை வரலை. கோபம்தான் வருது.

திருப்புட்குழியில கிணறு வெட்டும்போது எங்கப்பா எடுத்துக் கொடுத்த இலைக்கல், அதான் அந்தப் புதைபடிவம், ஞாபகம் இருக்குதா? நம்ம பக்கத்துக் கல்லுல இலையோட அச்சு மட்டும்தான் கிடைக்கும். அந்த ஒண்ணுலதான் இலையின் தோலே கருப்பா ஒட்டிக்கினு இருந்தது. அந்தத் தோலின் துளைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், அது இன்றைக்கும் இருக்கிற சைக்கஸ் மரத்தின் உறவா, வம்சமே அற்றுப்போன வேறொரு மரமா என்று தெரிந்திருக்கும். என் ஆராய்ச்சியே அந்த ஒரு கேள்விதான்.

நம்ம லேப்ல கல்லு வெச்ச பெட்டியைத் திறந்தால் தோல் சுருண்டு உதிர்ந்து கிடந்தது. "ஈரக்கையால தொட்டியாப்பா?" என்று எல்லார் முன்னாலயும் அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். "இல்லம்மா" என்று ஒரே தடவை சொன்னார். நீ பக்கத்துலயே நின்னுக்கினு இருந்த. வாயில என்ன, கொழுக்கட்டையா?

போன வாரம் உங்கம்மா உன் நோட்டைக் கொடுத்தாங்க. "கல் பொடியாக உதிர்கிறது. தறியில் பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக்கஞ்சியை மெல்லிசாகத் தடவினேன். காய்ந்ததும் தோலை உரித்துக்கொண்டு வந்துவிட்டது. செல்வியிடம் எப்படிச் சொல்வது?"

அடப்பாவி! உங்க வீட்டுத் தறியில நூல் அறுந்துடக் கூடாதுன்னு கஞ்சி போடுவீங்க, சரி. கல்லு என்ன பட்டுநூலா? அதுக்கப்புறமும் அஞ்சு மாசம் எங்க வீட்டுக்கு வந்து, அப்பா கையால மீன்குழம்பு வாங்கிச் சாப்பிட்டியே. தொண்டையில முள்ளு குத்தலையா?

நோட்டை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டி, அவர் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன். "பயந்துட்டான் போல. விடும்மா" என்றார். உன் பங்கு மன்னிப்பை யார் கேட்கிறது?

நேற்று, ரொம்ப நாளைக்கப்புறம், ஒரு கல் கொண்டு வந்தார். வெறும் அச்சுதான். நான் ஒண்ணும் கேட்கவே இல்லை. "கையை நல்லாத் துடைச்சுட்டுத்தாம்மா எடுத்தேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே உன்னை மன்னிக்க மாட்டேன். கட்டுரையில எழுதுவேன்: கண்டெடுத்தவர் என் அப்பா, கஞ்சி தடவினது நீ. அச்சானதும் அந்த வரியை அப்பாவுக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டுவேன். சத்தியம். உனக்காக அழுறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

நீ வாய் நிறையக் கூப்பிட்ட தங்கச்சி,
கிணறு வெட்டுறவர் மகள்,
செல்வி