கூண்டேற அனுமதி

அன்புள்ள இசபெல்,

உன் அம்மையின் கொட்டாரம் வீட்டு வழக்கில், அன்றைக்கு நீதிபதி லீவு என்று உன்னிடம் போனில் சொன்னது பொய். நம் தரப்பில் நான் சாட்சி சொல்ல வேண்டிய நாள் அது. கோர்ட்டு வாசல்வரை போய்விட்டு பஸ் ஏறிவிட்டேன். நம் சாட்சியம் முடிந்ததாக நீதிபதி எழுதிவிட்டார்.

உன் அம்மை வீட்டைத் தனக்கு எழுதித் தந்ததாக என் அண்ணன் காட்டும் பத்திரத்தில், சாட்சியாக என் கையெழுத்தும் இருக்கிறது. "அது கள்ளக் கையெழுத்துன்னு சொல்லிட்டு எறங்கி வாருங்கோ, எதுக்குப் பயம்?" என்றாய். உன்னிடம் அப்படித்தானே சொல்லி வைத்திருந்தேன்.

இதுபோன்ற உத்தரவுக்கு நேராக அப்பீல் கிடையாதாம். மதுரை ஹைகோர்ட்டு அனுமதித்தால்தான் உண்டு. அதற்கு, ஏன் வரவில்லை என்று நான் சத்தியப் பிரமாணம் எழுதித் தர வேண்டும்.

"காய்ச்சல்னு எழுதியிருக்கேன், கையெழுத்துப் போடும்" என்றார் வக்கீல் செல்வதாஸ். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒம்ம வீட்டுக்காரிக்குத் தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அவர் காகிதத்தைக் கிழித்துவிட்டு, பயந்து ஓடியதாகவே எழுதினார். நேற்று அனுமதி கிடைத்தது. பதினான்காம் தேதி கூண்டில் ஏற வேண்டும்.

அதற்குமுன் நீ அறிய வேண்டும். அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். உன் அம்மை நினைவில்லாமல் கிடந்தபோது, அவர்களின் பெருவிரலை அண்ணன் பிடித்து மையில் உருட்டினான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

நம் பிள்ளைகளின் அப்பா