பூசை அன்னைக்குச் சுத்தின மெஷின்

அப்பாவுக்கு வெண்பா எழுதறேனுங்க. முழங்கால் வலி தேவலைங்களா? லேத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க. லிவர்மோர்ல குளிர் ஆரம்பிச்சாச்சு, திராட்சை அறுவடையும் முடியப்போகுது.

நம்ம பட்டறை மாதிரியே நான் வேலை பாக்கற இந்த ஒயினரியிலயும் ஆயுத பூசை போட்டேன். பம்பு, தொட்டி எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம். ஓனர் டாரதி ஆன்ட்டி, "உழைச்சதுக்கு நன்றியா? அப்ப இதுக்கும் வை"ன்னு, செத்துப்போன அவங்க வீட்டுக்காரர் கையால சுத்தி திராட்சை பிழிஞ்ச பழைய மெஷினைக் காட்டினாங்க. வெச்சேன். அன்னைக்கு யாரும் எதையும் தொடக்கூடாதுன்னு ஷெட்டைப் பூட்டி, சாவியையும் நானே வெச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் உள்ள மெஷின் சுத்தற மாதிரி டக் டக்னு சத்தம். எலின்னேன். ஆன்ட்டி சிரிச்சுட்டு, "அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது"ன்னாங்க. காலையில திறந்தா, கைப்பிடிச் சந்தனத்துல நாலு விரல் தடம். என் கையை வெச்சுப் பாத்தேன், என்னோடதை விடப் பெருசு.

பயப்படாதீங்க. குங்குமம் தீந்துருச்சு, அம்மாகிட்டச் சொல்லி அனுப்புங்க. அப்புறம், பூசை போட்ட மெஷினை அன்னைக்கே ஒருத்தர் ஓட்டிட்டா என்ன பரிகாரம்னு அய்யர்கிட்டக் கேட்டு எழுதுங்க. பரிகாரம் அந்தச் சத்தம் நிக்கறதுக்கு இல்லீங்க. அதைக் கேக்கத்தான் ஆன்ட்டி தினமும் சாயங்காலம் ஷெட் வாசல்ல சேர் போட்டு உக்காந்திருக்காங்க. ஓட்டறவருக்குத் தோஷம் வந்துடக்கூடாது, அவ்வளவுதான்.

கூப்பிடறாங்க, போறேன்.

வெண்பா