யானை நுழையும் அகலம்

மாசி, புதன்கிழமை இரவு. வடகரப்பதி.

வழக்கறிஞர் சிவசாமி ஆகிய நான், இன்று என் வீட்டு மதில் வேலையில் நடந்ததை மறைக்காமல் பதிந்துவைக்கவே இதை எழுதுகிறேன். தூக்கம் வரவில்லை, மகிழ்ச்சியால்தான்.

காலையில் மேஸ்திரி கேட்டுக்கு இடம் குறித்தார். பதினான்கு அடி அகலம் வேண்டும் என்றேன்.

"ஏனுங்க வக்கீலய்யா, இருக்கிறது ஒரு காரு. லாரி ஏதாச்சும் வாங்கப்போறீங்களா?"

நான் கையிலிருந்த கேட் வரைபடத்தில் கண்ணைப் பதித்தேன். என் மனைவி பாக்கியம் விடவில்லை. "சொல்லுங்க, எதுக்குங்க இத்தனை அகலம்?"

"யானை வந்தால் நுழைய வேண்டாமா?" என்று சொல்லியேவிட்டேன்.

ஏழு வயதில் கொல்லங்கோட்டில் திருவிழா யானையைப் பார்த்த நாள் முதல் உள்ள ஆசை. தனியாள் ஒருவர் யானையை விலைக்கு வாங்கச் சட்டம் இடம் தராது. கட்சிக்காரர் எவரேனும் கேட்டிருந்தால் ஒரே வரியில் மறுத்து அனுப்பியிருப்பேன். ஆயினும், ஆசைப்பட்டு வாங்கிய கார் மூன்றே மாதத்தில் அலுத்துவிட்டது. வாங்கவே முடியாத யானை இன்றுவரை அலுக்கவில்லை.

பாக்கியம் சிரிப்பாள் என்று தலைகுனிந்து நின்றேன். அவளோ வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள்.

"அகலம் சரிங்க. மேல வளைவு வெச்சிருக்கீங்களே, ஆனைக்கு மண்டை இடிக்காதுங்களா?"

"பாகன் வேற மேல உக்காந்து வருவானுங்கம்மா" என்றார் மேஸ்திரி.

அளவில் பிசகாத எனக்கு இது தோன்றவே இல்லை!

நாளை விடிந்ததும் வரைபடத்தில் வளைவை அடித்துவிடுவேன். திருத்தம் பாக்கியத்தினுடையது என்பதால், அருகில் அவளிடமே கையொப்பம் வாங்குவேன்.